மாமனார் வீட்டில் நான் கலக்கிய காக்டெயில்

மாமனார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் போதும், ஊரே மெச்சும். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எனக்கும் செல்விக்கும் கல்யாணம். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், அவளுக்கு ராஜபாளையம். வீட்டுக்குப் பின்னாலேயே மாமா பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருந்தார். பெண் கொடுக்கும் முன் என் சம்பளத்தைக்கூட அவர் விசாரிக்கவில்லை. "பையன் தண்ணி போடுவானா?" என்று மட்டும் எங்கள் தெரு முழுக்கக் கேட்டார். கூடப் பிறந்த தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவர். (இல்லை என்று தெருவே கோரஸாகச் சொன்னதால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.)

முதல் கோடை. சாமி கும்பிட அவர்கள் சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. மெட்ராஸுக்கு ஆபீஸ் டிரெயினிங் போனபோது ஓட்டலில் ஒரு பழரசக் கலவை குடித்திருந்தேன். மாம்பழம், எலுமிச்சை, சோடா, மேலே புதினா. 'ஃப்ரூட் காக்டெயில்' என்று பேர். அதைக் கலக்கிக் கொடுத்து எல்லாரையும் அசத்திவிடுவது என்று இறங்கினேன். வத்திராயிருப்பு மாம்பழமும் நன்னாரி சர்பத்தும் கோலி சோடாவும் வந்து சேர்ந்தன. பதம் பார்க்கிறேன் பேர்வழி என்று காலையிலிருந்து ஐஸ் போட்டுப் போட்டுக் குடித்ததில் மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது.

மாம்பழ நாரை வடிகட்ட வேண்டும். அந்த வீட்டில் துணிக்கா பஞ்சம்! யூனிட்டுக்குள் போய், மேஜையில் அப்போதுதான் அலசியதுபோல ஈரமாக மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துவந்து அண்டாவில் வடிகட்டினேன்.

முதல் டம்ளர் மாமாவுக்கு. வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"மாப்பிள்ள, இதுக்கு என்ன பேரு?"

"காக்டெயில், மாமா!"

கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க பழகுனிய?"

"மெட்ராஸ்லதான் மாமா. டிரெயினிங் முடிஞ்சதும் தெனமும் சாயங்காலம் எல்லாரும் கெளம்பிருவோம்."

(புதினா போட மறந்துவிட்டதே என்பதுதான் அப்போது என் கவலை.)

"அப்ப, இங்க வந்தும் அது இல்லாம முடியலயாக்கும்?"

"இந்த வெயிலுக்கு எப்பிடி மாமா முடியும்?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "ஐயோ, எம்பிள்ளையப் பாழுங்கெணத்துல தள்ளிட்டோமே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டுச் செல்வி ஓடிவந்தாள். டம்ளரை மோந்தாள், என்னை முறைத்தாள். பொறவு அந்தத் துணியை எடுத்து மோந்தாள்.

"ஏங்க, பேண்டேஜ் பாக்கெட்டுல குத்துற ரப்பர் ஸ்டாம்பத் தொடைக்க ஸ்பிரிட்ல நனைச்சு வச்ச துணியில்ல இது! சாராய வாடை இம்புட்டு அடிக்கு, ஒங்களுக்குத் தெரியலயா?"

"மூக்கு அடச்சிருக்கு" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா என் சிவந்த மூக்கைப் பார்த்தார். பிறகு தூண் அதிரச் சிரித்தார். "குடிக்கிறவன்னா மூக்கு அடச்சாலும் தெரிஞ்சிருக்கும்! எந்தம்பியா இருந்தா தெருமொனையிலயே கண்டுபிடிச்சிருப்பான். எம்மாப்பிள்ள தங்கம்!" சொல்லிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அண்டாவில் இருந்தது மொத்தமும் சாக்கடைக்குப் போனது.

கொழுந்தியாள் பிள்ளைகளுக்கு இன்றுவரை நான் 'காக்டெயில் பெரியப்பா'தான். பச்சைத் தண்ணீர் கொடுத்தால்கூட அந்த வீட்டில் எல்லாரும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள், கழுதைகள். மாமா மட்டும், இருந்தவரைக்கும், நான் எதைக் கொடுத்தாலும் மோந்து பார்க்காமல் மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரை நீட்டுவார்.