நான் இடித்து இறுக்கிய பாலிகை

படிக்காதவன் பிழை செய்தால் பாதியில் நிறுத்திக்கொள்வான். படித்தவன் அதை ஆராய்ந்து, முறைப்படி, முழுமையாகச் செய்து முடிப்பான். என் தங்கை மங்கையின் திருமணத்தை நான் அவ்வாறுதான் ஏறத்தாழ நிறுத்தினேன்.

தொண்ணூறுகளின் இறுதி அது. திருவொற்றியூரில் நான் தமிழாசிரியன். மாப்பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய அத்தை, இராயபுரத்து வள்ளியம்மாள். மணத்துக்கு முன் பெண் வீட்டார் ஐந்து மண்சட்டிகளில் ஒன்பது வகைத் தவசங்களை விதைத்து, முளைத்த அந்தப் பாலிகையை மணமேடையில் வைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். அத்தை தெளிவாகவே சொல்லிவிட்டார்: "அஞ்சாம் நாளு நானே வந்து பாப்பேன். பச்ச தெர்லன்னா தேதிய தள்ளிப் போட்ருவேன்."

அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். (யாரும் தாமாகத் தரவில்லை.) கடற்கரை மணல் உதிரும், உதிரும் மண்ணில் பயிர் எவ்வாறு நிமிர்ந்து நிற்கும்? எனவே சடையங்குப்பத்திலிருந்து மிதிவண்டியில் களிமண் கொணர்ந்து, விதை இட்டு, மூன்று விரல் கனத்துக்கு மூடினேன். அடுத்து, மண்ணை இறுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் காதர் பாய் இரும்பு வார்க்கும் ஆலையில் அச்சுமண் இடிப்பவர். அவருடைய இடிகட்டையை இரவல் கேட்டேன்.

"இன்னா சார், சட்டில இன்னா வார்க்கப் போற?"

"பயிருக்கு உறுதியான அடித்தளம் அமைக்கிறேன், பாய்."

"நாங்க இரும்புக்கே காத்து போறதுக்கு கம்பி வுட்டு ஓட்ட போடுவோம். இது வெத சார். அதுக்கு மூச்சு வாணாவா?"

"வார்ப்பு வேறு, வேளாண்மை வேறு" என்றேன். (இரண்டிலும் எனக்கு ஒரே அளவு அறிவுதான்.) தோள் வலிக்கும்வரை இடித்தேன்.

மங்கை ஊற்றிய நீர் உள்ளே இறங்க மறுத்து மேலேயே தளும்பி நின்றது. இரண்டாம் நாள் ஒரு காகம் வந்து அதில் குளித்துச் சென்றது. நான்காம் நாளும் பச்சை இல்லை.

"ண்ணா, நாளைக்கு அவங்க வராங்க. ஒண்ணுமே காணோமே" என்று அழுதாள்.

"பொறு. விதை ஆழ வேரூன்றிக்கொண்டிருக்கிறது" என்றேன். அவள் அகன்றதும் திருப்புளியால் ஒரு சட்டியைக் குத்திப் பார்த்தேன். திருப்புளி வளைந்தது.

மறுநாள் அத்தை வந்தார். விரல் முட்டியால் தட்டினார். திடமான ஓசை எழுந்தது.

"இன்னா வாத்தியாரே, தர போட்டு வச்சிகிற?" என்றவர், மங்கையைப் பாராமலே, "வேற தேதி பாத்துக்கலாம்" என்றார்.

நான் விளக்கவுரைக்காகத் தொண்டையைச் செருமினேன். அதற்குள், சுவருக்கு அப்பாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த காதர் பாய் சுத்தியலுடன் வந்துவிட்டார்.

"இரும்மா. ஒரு பீஸு கழட்டிப் பாப்போம்."

சட்டியைக் கவிழ்த்துச் சுற்றிலும் தட்டினார். ஓடு விண்டது. உள்ளிருந்த மண், சட்டியின் வடிவம் சிதையாமல், வழுவழுவென்று வெளியே வந்தது. பாய் தம்மை மறந்தார்: "ஃபினிஷிங் பாரேன். எங்க ஃபோர்மேன் பாத்தா சாருக்கு வேலையே குடுத்துருவான்."

அத்தை கண்ணாடியை அணிந்துகொண்டு குனிந்தார். மேற்பரப்பைப் பிளக்க இயலாத முளைகள், வெளுத்து, தலை வளைந்து, மண்ணுக்கும் ஓட்டுக்கும் இடையே பக்கவாட்டில் ஊர்ந்திருந்தன. துறைமுகத்தில் எந்த வாயில் திறந்திருக்கிறது என்று சுற்றிச் சுற்றி வருபவர்களைப் போல.

"மொளச்சிதான் கீது" என்றார். "பச்சப்புள்ளைங்கள உள்ள வச்சி பூட்டிட்டியே, நைனா. தேதிய மாத்த வாணாம். மத்த நாலையும் ஒட."

மணமேடையில் சட்டி இல்லாமலே ஐந்து மண்கட்டிகள் இடுப்பில் மஞ்சள் முளைகளுடன் வீற்றிருந்தன. நிழற்படக்காரர் அவற்றை அடுப்புக்கல் என்றெண்ணி ஓரமாக நகர்த்தச் சொன்னார்.

மறு ஆண்டு மங்கைக்குப் பேறுகாலம். மருத்துவர் குறித்த நாள் கடந்து ஒரு வாரம் ஆகியும் குழந்தை வரவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவன மொதல்ல கேட்டாண்ட அனுப்பு. இவன் இங்க நின்னா உள்ள கீறது எப்டி வெளிய வரும்?"

வெளிவாயிலுக்குச் சென்றேன். இரண்டாவது தேநீர் முடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் யாருக்கு வலி எடுத்தாலும் முதல் தொலைபேசி அழைப்பு எனக்குத்தான் வருகிறது: நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க. சென்ற மாதம், அன்று பிறந்த அந்தப் பெண்ணுக்கே பேறுகாலம். நான் ஏறிய வெளியூர் இரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகே அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.