கர்டிஸ் விட்டுப்போன டிரெய்லர்

டெல்மர் ஹோக்லண்டின் பிக்கப் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி ஓடியது. பின்னால் மாட்டியிருந்த டிரெய்லர் அதன் இடுப்பை அப்படி அழுத்தியிருந்தது.

"எனக்கு ரோடே தெரியல டெல்மர். மேகம்தான் தெரியுது," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி நோரீன்.

"ரோட்டைப் பாக்கத்தான் நான் இருக்கேன்ல?"

"உனக்குத் தெரியுதா?"

டெல்மர் ஸ்டியரிங் மேல் எக்கிப் பார்த்தார். அவருக்கும் மேகம்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். டெல்மரின் தம்பி கர்டிஸ் போன வாரம் ராலின்ஸ் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அவர் விட்டுப்போன ஒரே சொத்து, குடியிருந்த டிரெய்லர். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் சக்கர வீடு. படுக்கையில் விழுந்ததும் அதை ஊருக்கு வெளியே டிரெய்லர்கள் நிறுத்தும் ஒரு மைதானத்தில் போட்டுவைத்திருந்தார். அவருடைய ஒரே மகள் கெல்சி, லேண்டர் என்ற ஊரில் ஒரு சிநேகிதியின் கார் ஷெட்டில் படுத்துக்கிடக்கிறாள். நிறைமாதம். எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று நார்த் டகோட்டா போன அவள் புருஷன் போனவன்தான். இந்த டிரெய்லர் போய்ச் சேர்ந்தால் பிள்ளை ஒரு கூரைக்குக் கீழே பிறக்கும். சேராவிட்டால் அந்த ஷெட்தான், சுவரெல்லாம் எஞ்சின் ஆயில்.

"நான் கொண்டாந்து சேக்கறேன்மா," என்று டெல்மர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. அண்ணனும் தம்பியும் பேசிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சண்டைக்குக் காரணம் ஒரு மீன்பிடிப் படகு. ஏரிக்கரைச் சரிவில் டெல்மர் படகை ஏற்றிய டிரெய்லரைப் பின்னோக்கி இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கர்டிஸ், "வா, வா, இன்னும் வா," என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். படகு இறங்கியது, டிரெய்லர் இறங்கியது, வண்டியும் கூரை வரைக்கும் இறங்கியது. கரையில் மடக்கு நாற்காலி போட்டு பீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. "நான் கொசு விரட்டினேன், நீ ஏன் வந்தே?" என்றார் கர்டிஸ். அன்றோடு பேச்சு நின்றது.

போன மாதம் கர்டிஸ் இரண்டு தடவை போன் செய்தார். பெயரைப் பார்த்துவிட்டு, அடிக்கட்டும் என்று டெல்மர் விட்டுவிட்டார். மூன்றாவது போன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

அதனால்தான் இன்று காலை, ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத மைதானத்துக்குப் போய், கெல்சி சொன்ன வேலியோரத்து வெள்ளை வண்டியை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சாவி டிரெய்லர் பூட்டில் கொஞ்சம் அடம்பிடித்துத்தான் திரும்பியது. கர்டிஸின் சாமான் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"வண்டி ஏழாயிரம் பவுண்டு கனம் இழுக்கும்னு கடைக்காரன் சொன்னான்," என்றார் இப்போது.

"இழுக்கும். ஆனா முதுகுல எவ்வளவு தாங்கும்? கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, படிச்சியா? நீ, நான், சாமான், டிரெய்லர் மூக்கு அழுத்தற கனம் எல்லாம் சேந்து இவ்வளவுக்கு மேல ஆகக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் வக்கீலுங்க எழுதறது."

எதிரே வந்த லாரிக்காரன் விளக்கை மின்னி மின்னிக் காட்டிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையில் அடித்துக்கொண்டு போனான். டெல்மர் முதலில் கண்ணில் பட்ட பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்.

டிரெய்லரை மாட்டிக்கொண்டு பங்கில் நின்றால் அந்தப் பக்கத்து ஆம்பளைகளுக்கு வாய் சும்மா இருக்காது. தொப்பிக்காரன் ஒருவன் காபியோடு வந்து இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"முன்பக்கம் கனம் ஜாஸ்தி பெரியவரே. எல்லாத்தையும் பின்னாடி தள்ளுங்க. வண்டி நிமிந்துடும்."

நோரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டெல்மர் டிரெய்லருக்குள் ஏறிவிட்டார். முன்பக்கக் கட்டிலின் அடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி ஜாடிகள். அத்தனையிலும் பாகில் போட்ட பீச் பழம். ஒவ்வொன்றிலும் மாதம் எழுதி ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இரும்பில் செய்த பழைய தையல் மெஷின்.

"கர்டிஸா?" என்றார். "சிங்க்ல துப்பறவன். அவனா பீச் போட்டான்?"

"தனியா இருந்தா மனுஷன் எதையாவது பழகிக்குவான்," என்றாள் நோரீன்.

எல்லாவற்றையும் பின்பக்கம் கொண்டுபோய் அடுக்கினார்கள். பிக்கப் நிமிர்ந்தது. ரோடு தெரிந்தது. டெல்மருக்கு ஒரே குஷி.

"பாத்தியா? அனுபவஸ்தன் சொன்னா கேக்கணும்."

"ம்," என்றாள் நோரீன்.

வயோமிங் காற்றைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் டெல்மர் அதை மறந்திருந்தார். ஒரு பெரிய லாரி உறுமிக்கொண்டு முந்திப் போனதும் டிரெய்லரின் வால் லேசாக ஆடியது. பிறகு லேசாக ஆடவில்லை. இடது பக்கம் போய் எதிர்ச்சாரியைத் தொட்டது, வலது பக்கம் போய்ப் புதரைத் தொட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிக்கப்பின் பின்பக்கத்தைப் பிடித்து உலுக்கியது.

"ஐயோ, ஐயோ!" என்று டெல்மர் பிரேக்கை மிதித்தார். ஆட்டம் இன்னும் பெரிதானது.

"மிதிக்காதே! காலை எடு! ஸ்டியரிங்கை நேரா பிடி!" நோரீன் எட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த டிரெய்லர் பிரேக்கின் சின்ன லீவரை மெதுவாக அழுத்தினாள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. ஆட்டம் குறைந்து, வண்டி ஓரமாகப் போய் நின்றது.

டெல்மர் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் குதிரை டிரெய்லர் பின்னாடியே வளந்தவ. முன்னால கொஞ்சம் கனம் இருக்கணும் டெல்மர். எல்லாத்தையும் பின்னால தள்ளினா வால் ஆடும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அங்கேயே சொல்றதுக்கு என்ன?"

"எங்கிட்ட யாரு கேட்டா? தொப்பிக்காரன்கிட்டல்ல கேட்டே."

சாமானை முன்பக்கம் கொண்டுபோனால் மறுபடி மேகம் தெரியும். மொத்தச் சுமையும் அதிகம். இறக்கத்தான் வேண்டும் என்று நோரீன் தீர்ப்புச் சொன்னாள். ஜெஃப்ரி சிட்டி என்ற பெயரில் நான்கு வீடும் ஒரு மதுக்கடையும் மிச்சமிருக்கிற ஊரில் நிறுத்தினார்கள்.

அங்கே ஒவ்வொன்றாக இறக்கும்போதுதான் டெல்மருக்குத் தம்பி யாரென்று தெரிய ஆரம்பித்தது. துண்டு சுற்றிப் பத்திரமாக வைத்த பூந்தொட்டிகள். இஸ்திரி போட்டு மடித்த மேஜைத்துணிகள். ஒரு அக்கார்டியன் வாத்தியம். அப்புறம், மெல்லிய காகிதத்தில் சுற்றி, மஞ்சள் வாத்து வாத்தாகத் தைத்த ஒரு சின்னப் போர்வை. கூடவே கட்டைவிரல் அளவுக்கு இரண்டு காலுறைகள்.

டெல்மர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரப்பிள்ளைக்குத் தச்சிருக்கான் நோரீன். அந்தப் பழைய மெஷின்ல உக்காந்து, தன் கையால."

"அழாதே."

"ஒரு பீர் டின் இல்ல பாரு. ஒரு தூண்டில் இல்ல. கர்டிஸ் தூண்டில் இல்லாம கல்யாணத்துக்குக்கூடப் போனதில்ல. ஏரியில வண்டி முழுகின அன்னைக்கு விட்டிருக்கான். என்னால விட்டிருக்கான். மனசுக்குள்ளயே வச்சு வருந்தியிருக்கான், நான் போனைக்கூட எடுக்கல."

டெல்மர் வாய்விட்டு அழுதார். மதுக்கடை வாசலில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். ஒருவன் பீச் ஜாடியை வாங்கிக்கொண்டு, "நல்ல மனுஷன் போல," என்றான்.

ஜாடிகளும் தையல் மெஷினும் அக்கார்டியனும் பூந்தொட்டிகளும் ஊருக்குத் தானமாகப் போயின. நோரீன் கடைசித் தொட்டியை எடுத்துக்கொண்டு மதுக்கடைக்குள் போன நேரத்தில், தாடிக்காரன் ஒருவன் டெல்மரின் பக்கம் வந்தான்.

"வால் ஆடுச்சா அண்ணே? ஆடத்தான் செய்யும். இந்தக் காத்துக்கு வெத்து வண்டி தாங்காது. தண்ணித் தொட்டியை நிரப்புங்க. கீழ கனம் இருந்தா அசையாது."

டெல்மருக்கு அது நியாயமாகப் பட்டது. குழாயைச் சொருகி விளிம்பு வரை நிரப்பினார். தொட்டி எங்கே இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, தாடிக்காரனும் சொல்லவில்லை. அது கடைசிச் சக்கரத்துக்கும் பின்னால் இருந்தது.

பீவர் ரிம் என்ற மலை இறக்கத்தின் உச்சிக்கு வந்தபோது நோரீன் கண்ணாடியில் பார்த்தாள்.

"பின்னால ஏதோ சொட்டுது."

"கொஞ்சம் தண்ணி பிடிச்சேன்."

"எவ்வளவு?"

"முழுசா."

நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். "என்னை உன் தம்பி பக்கத்துல புதைச்சுடாதே டெல்மர். வேற எங்கயாவது புதை," என்றாள். அதற்குள் வண்டி இறங்க ஆரம்பித்துவிட்டது.

இறக்கத்தில் டெல்மர் டிரெய்லரை இழுக்கவில்லை, டிரெய்லர்தான் அவரைத் தள்ளியது. நோரீன் கத்தக் கத்தக் கியரைக் குறைத்தார், எஞ்சின் ஓலமிட்டது. பிரேக்கிலிருந்து கருகல் நாற்றம் வந்தது, பிறகு புகை வந்தது, பிறகு மிதித்தால் பஞ்சு மாதிரி இருந்தது. தொட்டித் தண்ணீர் அலைமோதி வாலை மறுபடியும் ஆட்டியது. டிரெய்லரின் பின்பக்கம் பனியில் ரோடு தெரிவதற்காக நட்டிருந்த கம்பம் ஒன்றில் இடித்து, பம்பர் கழன்று, ஜன்னல் நொறுங்கியது. அந்த ஜன்னல் வழியாக வாத்துப் போர்வை பறந்து போவதை டெல்மர் கண்ணாடியில் பார்த்தார்.

அடிவாரத்தில் ஒரு சரளை மேட்டில் ஏறித்தான் வண்டி நின்றது. அவர் நோரீன் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடக் கேட்காமல் கதவைத் திறந்து ஓடினார். போர்வை முட்புதர் முட்புதராகத் தாவிப் போயிற்று. அறுபத்துச் சொச்ச வயதில் அதன் பின்னால் அவர் ஓடுவதை நாலைந்து மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பார்த்தன. காற்று அதை ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வந்தபோது நோரீன் தொட்டியைத் திறந்துவிட்டுத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் ரத்தம் கசிந்தது.

"காலுறை இருக்கு. இழுப்பறைல போட்டேன்," என்றாள்.

"அவன் ஒண்ணே ஒண்ணுதான் அவளுக்குன்னு செஞ்சான். அதையும் நான் தொலைச்சுட்டேன்."

"உக்காரு. பிரேக் ஆறட்டும். மிச்சச் சாமானை முன்சக்கரத்துக்கிட்ட கீழயே வச்சுட்டேன். இனிமே நான் ஓட்டறேன், நீ வாயைத் திறக்காம வா. நாப்பது மைலுக்கு மேல ஒரு இம்மிகூடப் போக மாட்டேன். பின்னால வரவன் எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் அடிச்சுக்கட்டும்."

அப்படியே போனாள். வாலும் ஆடவில்லை, மேகமும் தெரியவில்லை. டெல்மர் வழியெல்லாம் வாயசைத்துக்கொண்டே வந்தார். கெல்சியிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று நோரீனுக்குப் புரிந்தது.

லேண்டரில் அந்த ஷெட்டின் வாசலில் கெல்சி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். நொறுங்கிய ஜன்னலையும் பம்பர் இல்லாத பின்பக்கத்தையும் பார்த்தாள். டிரெய்லரை முன்னும் பின்னும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெரியப்பா..." என்று ஆரம்பித்தாள்.

டெல்மர் கையை உயர்த்தினார். "நீ பேசாதேம்மா. முதல்ல நான் சொல்லிடறேன். நடுவுல நிறுத்தினா அப்புறம் எனக்குச் சொல்ல வராது."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"வண்டியை இடிச்சுட்டேன். பாதிச் சாமானை வழியில குடுத்துட்டேன். சரி பண்ணித் தரேன், என் தலையை அடகு வச்சாவது தரேன். ஆனா உங்கப்பாவை நான் இன்னைக்குத்தான் பாத்தேன் கெல்சி. உங்கப்பன் மாசா மாசம் பீச் போட்டு எழுதி வச்சிருந்தான். பூச்செடிக்குக் குளிருமேன்னு துண்டு சுத்தி வச்சிருந்தான். குடியை விட்டிருக்கான், தூண்டிலை விட்டிருக்கான். அக்கார்டியன் வாசிச்சிருக்கான்! உன் பிள்ளைக்கு வாத்துப் போர்வை தச்சான்மா, அதை நான் காத்துல விட்டுட்டேன். இந்தா, இது மட்டும் மிஞ்சுச்சு." காலுறைகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். "அவ்வளவு மென்மையான மனுஷனோட, ஒரு படகுக்காக, நான் பத்து வருஷம் பேசல. சாகப்போறேன்னு போன் பண்ணினான், எடுக்கல. என்னை அவன் மன்னிச்சுட்டுத்தான் போயிருக்கான், உள்ள பாத்தாலே தெரியுது. நீயும் மன்னிச்சுடும்மா."

நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். டெல்மரின் தோள் குலுங்கியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்.

கெல்சி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழுகை அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு காலுறைகளை அவர் கையிலேயே திருப்பி வைத்து மெதுவாக விரல்களை மூடினாள்.

"எங்கப்பாவைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லதாப் பேசி நான் கேட்டதே இல்ல பெரியப்பா, அதான் நீங்க முடிக்கட்டும்னு இருந்தேன்," என்றாள். "இது எங்கப்பா வண்டி இல்ல."