அப்பாவுக்கு மிகவும் பிரியமானவர்

"டொய்ங்ங்" என்று கணினி அலறியது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மெத்தைக் கடைக்காரர், கையும் களவுமாகப் பிடிபட்டவர்போலத் திரும்பிப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து அவருடைய அக்கா வந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வீட்டிலும் பிரேக் அவள் காலடியில்தான்.

"என்னடா சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. அப்பாவோட வருமான வரிக் கணக்கு."

அப்பா இறந்து சில மாதங்கள் ஆகின்றன. அவருடைய கடைசிக் கணக்கைப் பிள்ளைகள்தான் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாததால், 'தாங்கள் நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்' என்று அப்பா பெயருக்கே கடிதம் வந்துவிட்டது. இன்றுதான் கடைசி நாள். வரித் தளத்தில் அப்பா வைத்திருந்த கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. 'மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தியதும் பாதுகாப்புக் கேள்வி வந்து நின்றது:

'உலகில் தங்களுக்கு மிகவும் பிரியமானவர் யார்?'

அக்கா திரையைப் படித்தாள்.

"உன் பேரைத்தானே போட்ட?"

"சும்மா போட்டுப் பாத்தேன்."

"தப்புன்னு வந்துச்சா?" அக்காவின் முகத்தில் பல நாளாகக் காணாத மலர்ச்சி. "கையை எடு. தள்ளி உக்காரு."

பரிசு வாங்க மேடையேறுகிறவளின் அடக்கத்தோடு தன் பெயரை அடித்தாள்.

டொய்ங்ங்.

"சின்ன எழுத்து, பெரிய எழுத்தெல்லாம் பாக்குமோ?"

"பாக்காதுக்கா. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

இன்னும் மூன்று வாய்ப்புகள்தான், அதற்குமேல் தவறினால் கணக்கு முடங்கிவிடும் என்று திரை எச்சரித்தது.

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்று அம்மா வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, கரண்ட் போயிடுச்சு" என்றார் மெத்தைக் கடைக்காரர். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்வியைப் படித்தாள். லேசாக வெட்கப்பட்டாள்.

"இதுக்கா ரெண்டு பேரும் இந்த முழி முழிக்கிறீங்க? என் பேரைப் போடு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேணாம்மா. ரிஸ்க்."

"நாப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். இதுல என்னடா ரிஸ்க்? போடு."

டொய்ங்ங்.

அம்மா சுவரில் சிரித்துக்கொண்டிருந்த அப்பாவின் படத்தைத் திருப்பி மாட்டினாள்.

"இனிமே செவுத்தைப் பாத்துச் சிரிக்கட்டும்."

"அம்மா, இது மிஷினும்மா..."

"டிவி ரிமோட்ல சத்தத்தைக் குறைக்கத் தெரியாது அந்த மனுஷனுக்கு. இதுல மட்டும் எவ்வளவு விவரமா எவளையோ ஒளிச்சு வெச்சிருக்காரு பாரு. அது யாருன்னு தெரியாம எனக்கு இனிமே தூக்கம் வராது. அந்த ஆபீஸ் டைப்பிஸ்ட் பேரைப் போடு."

"எந்த டைப்பிஸ்ட்?"

"லீவு போட்டா வீட்டுக்கே போன் பண்ணி, சார் மருந்து சாப்ட்டாரான்னு கேப்பாளே, அவ."

டொய்ங்ங்.

"நல்லா வேணும் அவளுக்கு" என்றாள் அம்மா. முகம் சற்றுத் தெளிந்தது.

ஆனால் அக்கா அதற்குள் பழைய டயரியில் எண்ணைத் தேடி அந்த டைப்பிஸ்ட் வீட்டுக்கே போன் செய்துவிட்டாள். எடுத்தவர் அந்த அம்மாளின் கணவர். அக்கா பக்குவமாகத்தான் சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு ரொம்பப் பிரியமானவங்க உங்க வீட்டம்மாவா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. இல்லன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

மறுமுனையில் ஒரு பாத்திரம் விழுந்து உருளும் ஓசை கேட்டது.

ஆக, இப்போது இரண்டு வீடுகளில் யாரும் யாரோடும் பேசவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

மெத்தைக் கடைக்காரர் அப்பாவின் பழைய காகிதங்களைக் குடைந்தார். போன வருடத்துக் கணக்கின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் முத்திரை இருந்தது. போன் செய்ததும் அதன் உரிமையாளர் தலையில் ஹெல்மெட்டோடு வந்து சேர்ந்தார். திரும்பியிருந்த படத்தையும் ஆளுக்கொரு மூலையில் இருந்த மூவரையும் பார்த்தார்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"முதல்ல அதைத் தொறங்க" என்றாள் அம்மா.

அவர் யோசிக்கவே இல்லை. ஒற்றை விரலால் படபடவென்று தட்டினார். கணக்கு திறந்துகொண்டது.

மூவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"என்ன பேரு போட்டீங்க?"

"ரோஸி."

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க இருக்கா அவ?"

"எங்க வீட்லதாம்மா. கடைக்குப் பின்னாடி."

"இவரு வருவாரா அங்க?"

"வருஷா வருஷம், தவறாம."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். அக்கா தண்ணீர் எடுக்க ஓடினாள். மெத்தைக் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, அந்த ரோஸி... உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நாய்ங்க. எங்க கடையில கணக்கு ஆரம்பிச்ச அத்தனை பேருக்கும் உலகத்துலயே ரொம்பப் பிரியமானது அதுதான்."