கைப்பிடி வைத்த உண்டியல்

"தலைவரே, ஆத்தா சல்லியத் திருப்பிக் குடுத்துட்டா!"

இரண்டு கையும் கொள்ளாத சில்லறையோடு கோயில் வாசலில் நின்று கத்தினாள் கொழுந்து பறிக்கும் வீரம்மா. கோயில் தலைவர் முத்துலிங்கம் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

பழைய மர உண்டியல் திறக்கும்போதெல்லாம் லேசாகவே இருக்கிறது என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே முணுமுணுப்பு. இந்தத் திருவிழாவில் தலைவருக்குக் கட்டும் பரிவட்டம் வேறு தலைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில்தான், மூடிப்போன வெள்ளைக்காரர் கிளப்பில் ஏலம் போட்ட இந்த இரும்புப் பெட்டியை வாங்கி வந்தார். காசு போட வாய், உறுதியான பூட்டு, பக்கத்தில் கைப்பிடி, கண்ணாடிக்குள் பழப்படம் போட்ட மூன்று சக்கரங்கள். துரைமார் உண்டியல் இப்படித்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். மர உண்டியல் சாவியைப் போலவே இதன் சாவியையும் தன் அரைஞாணில் முடிந்தார்.

"என்னா பண்ணுன?"

"அஞ்சு ரூவா போட்டு கையப் புடிச்சு இழுத்தேங்க. மூணு எலுமிச்சம்பழம் வந்துச்சு. ஆத்தாவுக்கு உகந்த பழந்தானுங்களே!"

மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆளில்லை. எல்லாரும் கோயில் வரிசையில். சத்தம் போட வந்த கணக்கப்பிள்ளையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

பழம்தான் கோளாறு என்று முத்துலிங்கம் அதன்மேல் சாமிப் படங்களை ஒட்டினார். மூன்று பிள்ளையார் சேர்ந்ததும் காசு கொட்டியது. ராகலையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

"சாமி சல்லி குடுக்கலாமுங்களா? பிரசாதந்தானே குடுக்கணும்!" என்றார் பூசாரி நல்லமுத்து.

காசு விழும் குழாயில் டொபி மிட்டாய் நிரப்பினார் தலைவர். இப்போது பள்ளிக்கூடமும் காலி. இழுத்த இழுப்பில் கைப்பிடி கழன்றது. கரண்ட் மோட்டாரும் சிவப்பு பல்பும் பொருத்தினார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி நிற்காமல் சுற்றி, உள்ளே இருந்த காசையும் டொபியையும் மொத்தமாகக் கக்கியது. அம்மனுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஜெயரத்தினம்.

"தலைவர், இது சூதாட்ட மெசின்! அமெரிக்காவில முதல்ல காசு குடுத்தவங்கள். சட்டம் தடுக்க, பழப்படம் போட்டு சூயிங்கம் குடுத்தவங்கள். பிறகு கரண்ட். அவங்கள் எழுபது வருசமாச் செய்ததை நீங்கள் ஒரு மாசத்தில முடிச்சிட்டியள்!"

"ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க சார்!"

"ஆர் விளையாடினாலும், கடைசியில லாபம் சாவி வச்சிருக்கிறவனுக்குத்தான்."

டொபியை மென்றபடி வீரம்மா தலைவரின் இடுப்பைப் பார்த்தாள்.

"அப்படின்னா சார், அந்த மர உண்டியல்லயும் நாங்க இத்தன வருஷமா சூதாட்டந்தான் ஆடியிருக்கோம்!"