மாமாவின் குரலைச் சமதளமாக்கிய கதை

காதால் செய்யவேண்டிய வேலையைக் கண்ணால் செய்கிறவன் உருப்படமாட்டான். இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் நீலகிரியில் கிடையாது.

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்கள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, குன்னூருக்குக் கீழே பச்சை இலை வாங்கித் தூளாக்கும் சின்ன ஃபேக்டரி ஒன்றை நடத்திவந்தார். ஏலத்தில் தூளைக் கேட்க ஆளில்லை. கடைசி முயற்சியாக, பாக்கெட் போட்டு ஊட்டியில் சீசன் கூட்டத்திடம் நேராக விற்பது என்று முடிவானது. விற்றால் ஃபேக்டரி ஓடும், இல்லாவிட்டால் பூட்டு. ஜீப்பில் குழாய் ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் போடவேண்டும். அதைத் தயாரிக்கத்தான் குடும்பத்தில் நான் இருந்தேனே.

அப்போது கம்ப்யூட்டரில் மிக்ஸிங் கற்றுக்கொண்டிருந்தேன். (கற்றுக்கொண்டிருந்தேன் என்பதே கொஞ்சம் அதிகம்.) அதில் ஸ்பெக்ட்ரம் அனலைஸர் என்று ஒரு ப்ளக்-இன் உண்டு. ஒலியைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். இடது ஓரம் ட்ரம்ஸின் அதிர்வு, வலது ஓரம் ஜால்ராவின் சிணுங்கல், நடுவில் பெரும்பாலும் மனிதக் குரல். அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் காது தேவைப்படவில்லை.

மாமாவே மைக் முன்னால் உட்கார்ந்து பேசினார். "ஏனுங்க, ஊட்டிக்கு வந்துட்டு வெறுங்கையோட போவீங்களா? நம்ம ஃபேக்டரி தூளுங்க, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க." கரகரப்பான குரல். பேசி முடித்ததும், "நல்லா வருமா மாப்ள?" என்றார்.

"நீங்க போங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றேன். (பார்க்கத்தான் செய்தேன்.)

பின்னணிக்கு ட்ரம்ஸும் ஜால்ராவும் சேர்த்தேன். திரையின் நடுவில் தொட்டபெட்டா மாதிரி ஒரு மேடு. ஒரு சினிமாப் பாட்டின் கோட்டைப் பக்கத்தில் வைத்தேன், அதில் அப்படி எதுவும் இல்லை. சரி, நம்முடையதில்தான் கோளாறு என்று வெட்டினேன். இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, அதையும் வெட்டினேன். கடைசியில் அந்தக் கோட்டில் கிரிக்கெட் ஆடலாம். ஹெட்ஃபோனில் ட்ரம்ஸ் நெஞ்சில் இடித்தது. மாமா பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. அது ஒரு ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஊட்டி மார்க்கெட் முன்னால் ஒரே மூட்டம், தூறல். டிரைவர் விளம்பரத்தைப் போட்டார். 'ட்ஸ்க், ட்ஸ்க்' என்றது ஸ்பீக்கர். வேறொன்றும் வரவில்லை. குழாய் ஸ்பீக்கருக்கு அந்தக் கோட்டின் இடமும் தெரியாது, வலமும் அரைகுறை, நடுவை மட்டும்தான் அது பாடும். நடுவைத்தான் நான் செதுக்கி எறிந்திருந்தேன்.

"மாப்ள, கேக்குதா?" என்றார் மாமா.

சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். ட்ஸ்க் பெரிதானது. குடை பிடித்து வந்த ஒருவர், "கொசு மருந்து அடிக்கற வண்டிங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கீழே இறங்கி, அதே வசனத்தை வாயாலேயே சொல்லிக்கொண்டு சாயங்காலம் வரை தூறலில் நடந்தார். நான் பாக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். திரும்பும்போது ஜீப்பில் பாக்கெட் பெட்டிகள் பெரும்பாலும் நிறைந்தே இருந்தன, அவருக்குத்தான் குரல் போய்விட்டது. இரண்டு நாள் சைகையில் சோறு கேட்டார்.

மழைக்காலத்துக்குள் ஃபேக்டரிக்குப் பூட்டு விழுந்தது. "விளம்பரம் கேட்டிருந்தாலும் பூட்டு விழுந்துதான் இருக்கும், விடு கண்ணு" என்றார் அத்தை. எனக்கு இன்றுவரை அது சமாதானமாக இல்லை.

இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் யார் மைக்கைப் பிடித்தாலும், முதலில் என் பக்கம் திரும்பி, "கேக்குதா?" என்பார்கள். பந்திவரை சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

மாமா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். எடுத்ததும் அவரும் அதையேதான் கேட்பார். ஃபோனும் பெரும்பாலும் நடுவை மட்டும்தான் கடத்தும். அன்றைக்கு நான் வெட்டியெறிந்த கரகரப்பு அப்படியே வந்து சேரும்.

"கேக்குதுங்க மாமா" என்பேன். "நல்லாக் கேக்குதுங்க."