என் சிறுநீரகத்துக்கு நானே நடத்திய இரங்கல் கூட்டம்

ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டரிடம் காட்டாமல் தானே படித்துத் தீர்ப்பு எழுதுகிற ஆள் நான். அதனால் வந்த வினை இது.

அப்போது கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனில், பழம்பொருள் கடையொன்றில் வேலை. அந்த வருடம் முழுக்கப் பாதித் தூக்கத்தில்தான் நடமாடினேன். தெருச் சத்தம் பக்கத்து ஊரில் கேட்பதுபோல இருக்கும். மிளகு வாசனைகூட மெதுவாகத்தான் வந்து சேரும். மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருப்பேன். ஒருநாள் விற்பனைக்கு வைத்த சாய்வு நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டேன். வந்த வெளிநாட்டு அம்மாள் என்னையும் சேர்த்து விலை கேட்டாளாம். (சொல்லப்போனால், சுகமான மிதப்புதான்.)

முதலாளி விரட்டி அனுப்பியதால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். கிரியாட்டினின் என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில், அளவு கூடுதல். கைபேசியில் தேடினேன். சிறுநீரகம் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். டாக்டரைப் பார்க்கவில்லை. (சாகிறவனுக்கு எதற்கு டோக்கன்?) அழுகைகூட வரவில்லை. காயலில் படகு விலகிப்போவதுபோல ஓர் அமைதி. ஒரே கவலை, தங்கை செல்வி. அப்பா அம்மா இல்லாத அவளுக்கு நான்தான் எல்லாம். அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டுத் தமிழர்கள்.

தட்டு மாற்றும் முன், பெண்ணின் அண்ணன் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"என் தங்கச்சியை உங்களை நம்பி விட்டுட்டுப் போறேன். எனக்குக் கிரியாட்டினின் ஏறி ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. கல்யாணம் வரைக்கும் இருப்பேனான்னு தெரியலை."

உருக்கமாகப் பேசிவிட்டதாக நினைப்பு. மாப்பிள்ளையின் மாமா எழுந்தார். "இது குடும்ப வியாதியா? ஏன் மறைச்சீங்க?"

தட்டு அந்தரத்தில் நின்றது. செல்வியின் முகத்தைப் பார்த்ததும் என் மிதப்பெல்லாம் இறங்கிவிட்டது. என் வாயாலேயே அவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். மேடையேறி வந்து உப்பிப்போன என் கன்னத்தை அழுத்திப் பார்த்தார்.

"எப்பவும் குளிருதா?"

"ஆமா அத்தை."

"சதா உறக்கமா?"

"ஆமா."

"வயிறு ஒழுங்கா போறதா?"

"மூணு நாளைக்கு ஒருக்கா."

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. இருநூறு பேர் கேட்டார்கள். சமையல்காரர் வாளியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"தைராய்டு பாத்தேளா? அது குறைஞ்சாலும் கிரியாட்டினின் ஏறும். நாளைக்கே டாக்டரைப் பாருங்கோ." பிறகு எழுந்து நின்ற மாமாவிடம், அதாவது தன் தம்பியிடம், திரும்பினார். "நீ உட்காரு. இவர் இருந்தாலும் போனாலும் பொண்ணு நம்மாத்துக்குத்தான்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவும் மைக்கில்தான்.

அவர் சந்தேகப்பட்டது சரி. தைராய்டு மந்தமாகிச் சிறுநீரகத்தையும் மந்தமாக்கியிருந்தது. டாக்டர் தந்த மாத்திரையைத் தினமும் வெறும் வயிற்றில் போட்டேன். சில மாதங்களில் கிரியாட்டினின் இறங்கிவிட்டது. கல்யாணத்தன்று ஸ்வெட்டர் இல்லாமல் ஓடியாடினேன்.

ஆனால் செல்வி வீட்டு விருந்தில் இன்றும் மாப்பிள்ளை கரண்டியை மைக்போல என் வாய்க்கு நேரே நீட்டுவார். "மச்சான், வயிறு எப்படி? ஊருக்கே சொல்லுங்க."

சத்தமாகப் பதில் சொல்லாதவரை என் இலையில் சோறு விழாது.