மீசை வைத்த புளியங்கொட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி பதினேழு நிமிடத்துக்கு, தம் வீட்டிலிருந்து தாயக்கட்டையை ஒழித்துவிடுவது என்று வீரணன் தீர்மானித்தார். நிமிடத்தில் தப்பு இருக்காது. அவர் மில்லில் டைம் கீப்பர். சூரியன் அரை நிமிடம் தாமதமாக உதித்தால்கூட எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் வீட்டில் உட்கார்ந்து நாலு மணிக் காப்பி குடிக்க முடியும். அந்த ஒரு காப்பி நாலு மணிக்கு வந்ததே இல்லை.

காரணம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் கிழித்து, அவர் மனைவி பொன்னழகும் பக்கத்து வீட்டுச் சிகப்பி ஆச்சியும் எதிரும் புதிருமாகத் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் கட்டைகள் உருளுகிற சத்தம் செக்காலை ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"பொன்னு, மணி நாலு பதினேழு."

"தெரியுதுங்க. ஒரு தாயம் விழட்டும், எந்திரிச்சு வாரேன்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னே?"

"போன வாரம் விழவே இல்லையே. அதுக்கு நான் என்ன செய்ய?"

"காப்பி எங்குட்டும் ஓடிப் போகாது தம்பி," என்றார் ஆச்சி. "எங்க பெரிய நாத்தனாதான் தப்பிச்சு ஓடுறா. அவ வெட்டுப்படட்டும், பெறகு குடிக்கலாம்."

ஆச்சியின் பெரிய நாத்தனார் அப்போது பினாங்கில் சௌக்கியமாக இருந்தார். இங்கே ஓடிக்கொண்டிருந்தது ஒரு சோழி. அந்தத் தெருத் தாயத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பெயர் வைத்து உரக்கச் சொல்லிவிட வேண்டும். எதிராளியின் காயை வெட்டினால், வெட்டுகிறவர் தம் வாயாலேயே "இன்னாரை வெட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாத வெட்டு செல்லாது. ஒரு காயையாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. நுழையாவிட்டால் காய் கரையேறிப் பழமாவதும் இல்லை, ஜெயமும் இல்லை. ஆச்சி எப்போதும் தம் நாலு நாத்தனார்மார் பெயரையே வைப்பார். வெட்டுப்பட்டால் நாத்தனாருக்கு நஷ்டம், பழமானால் ஆச்சிக்கு லாபம்.

காப்பி வராத வேளையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்தச் சட்டங்களையெல்லாம் கேட்டுக் கேட்டு வீரணனுக்கு மனப்பாடமாகிவிட்டது. அன்றைக்கு அதே பேப்பருக்குப் பின்னாலேயே அவருக்கு ஒரு யோசனையும் பிறந்தது. மீசை தானாக மேலே ஏறியது.

யோசனைக்கு வேர் இதுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் பொன்னழகு ஒரு நாளும் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "இந்தாங்க." கொஞ்சம் தள்ளி இருந்தால் "இங்குட்டுப் பாருங்க." கண்ணுக்கெட்டாத தூரம் என்றால் கதவுச் சங்கிலியை ஆட்டுவாள். ரேஷன் கார்டுக்குப் பேர் எழுத வந்தவர், வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்று கேட்டபோது பக்கத்தில் யாரும் இல்லை. "அவுக ஊரு எல்லையில அருவாளோட நிக்கிற சாமி பேரு" என்றாள். அரிவாளோடு நிற்காத எல்லைச்சாமி இந்தச் சீமையில் ஏது? வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கருப்பையா என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து மாதா மாதம் வீரணன் கருப்பையாவாகப் போய் வரிசையில் நின்று சீனி வாங்கி வருகிறார்.

புருஷன் பெயர் மட்டுமில்லை. மாமனார் பெயர், அவரைப் பெற்றவர் பெயர், மூத்த மச்சினர் பெயர் எல்லாம் அவளுக்கு அப்படித்தான். நாக்கு வராது.

வீரணன் பேப்பரை மடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"பொன்னு, வர்ற ஞாயித்துக்கெழம நீயும் நானும் ஒரு ஆட்டம் ஆடுவோம். நான் ஜெயிச்சா கட்டை பரண் மேல போயிரணும். இந்த வீட்டுல தாயம்ங்கிற பேச்சே இருக்கக்கூடாது."

பொன்னழகின் முகம் சட்டென்று வாடிவிட்டது. அந்தக் கட்டைகள் கண்டரமாணிக்கத்திலிருந்து அவள் சீதனமாகக் கொண்டு வந்தவை. வாரம் பூராவும் அடுப்பும் கிணறுமாகக் கிடக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் திருவிழா.

"நீங்க தோத்தா?"

"ஒரு பக்க மீசைய எடுத்துக்கிறேன்."

"மீசைய வச்சு நான் என்ன செய்ய, கொழம்புலயா போட? தோத்தா ஞாயித்துக்கெழம நாலு மணிக் காப்பிய நீங்க போடுங்க. எனக்கும் ஆச்சிக்கும் சேத்து."

"சரி," என்றார் வீரணன். தோற்கப் போகிறவர்தானே பந்தயத்தை யோசித்து ஒப்புக்கொள்ள வேண்டும்?

அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு ஆட்டம். சிகப்பி ஆச்சி மத்தியஸ்தர். பொன்னழகு நாலு வளையல் துண்டுகளை வரிசையாக வைத்தாள்.

"ஊதா கத்திரிக்கா, பச்சை வெண்டக்கா, மஞ்ச பரங்கிக்கா, செகப்பு தக்காளி."

"இதெல்லாம் ஒரு பேரா?"

"காய்க்கு வேற என்ன பேரு வைப்பாக?"

வீரணன் மடியை அவிழ்த்து நாலு புளியங்கொட்டைகளை எடுத்தார். ஒன்றில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி, ஒன்றில் ரெண்டு, ஒன்றில் மூன்று. நாலாவதில் புள்ளி இல்லை, முறுக்கிய மீசை. அவற்றைக் கோயில் நகையைப் போல ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது மருது, எங்க பாட்டன். இது மலையாண்டி, எங்கப்பா. இது எங்கண்ணன், சேதுபதி. மீசை வச்சது வீரணன்."

பொன்னழகின் கை வாயைப் பொத்திக்கொண்டது. ஆச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அநியாயம் தம்பி. உங்க வம்சத்தையே எறக்கிட்டா அவ எப்படிச் சொல்லி வெட்டுவா?"

"ஆளு வேற, காய் வேற ஆச்சி. இது வெறும் புளியங்கொட்டை. காய்க்கு எந்தப் பேரும் வைக்கலாம்னு சட்டம் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"வெட்டுனா பேரச் சொல்லணும்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"பெறகென்ன?"

"அப்ப இது உங்க பேரு இல்ல?" என்றாள் பொன்னழகு சின்னக் குரலில்.

"இல்ல. காய் பேரு."

"கேட்டுக்கிட்டீகளா ஆச்சி?"

"கேட்டேன் ஆத்தா. கேட்டு என்ன செய்ய?"

ஆட்டம் வீரணன் நினைத்தபடியே போனது. கட்டை அவர் சொன்னதைக் கேட்டது. மருது பழமானார். மலையாண்டி பழமானார். அதற்கெல்லாம் முன்பே பொன்னழகின் பரங்கிக்காயை வெட்டி, "பரங்கிக்காய வெட்டியாச்சு" என்று தெருமுனை வரை கேட்கச் சொன்னார். பொன்னழகுக்கும் வெட்ட வாய்ப்பு வராமல் இல்லை. இரண்டு தடவை வந்தது. விரலால் கட்டங்களை எண்ணினாள், வாயைத் திறந்தாள், கண்ணை மூடிக்கொண்டு வேறு காயை நகர்த்திவிட்டாள். கத்திரிக்காயும் வெண்டைக்காயும் தக்காளியும் உள்கட்டத்து வாசல் வரை வந்து, உள்ளே போக வழியில்லாமல் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன. வெட்டுப்பட்ட பரங்கிக்காய் மட்டும் மறுபடியும் முதலிலிருந்து கிளம்பித் தனியாக வந்துகொண்டிருந்தது.

"பரண்ல எந்த மூலையில வைக்கலாம்னு பாத்து வச்சிருக்கேன்," என்றார் வீரணன்.

பொன்னழகு கட்டையை உருட்டினாள். அஞ்சு. பரங்கிக்காயிலிருந்து சரியாக அஞ்சாவது கட்டத்தில் மீசை வைத்த புளியங்கொட்டை நின்றுகொண்டிருந்தது.

அவள் புளியங்கொட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பித்தளைக் கட்டைகளைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வீரணனை வெட்டியாச்சு."

சத்தமாகச் சொல்லவில்லை. புதுப் பானையை முதல் தடவை அடுப்பில் ஏற்றுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து இறக்கி வைத்தாள். ஆச்சி "அப்படிப் போடு" என்று தொடையைத் தட்டினார்.

வீரணன் அசையவில்லை. அந்தப் பெயரை அவர் முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்டு வருகிறார். மில்லில் மேஸ்திரிகள் அதைச் சங்குச் சத்தத்துக்கு மேல் கத்துவார்கள். ஊரில் சித்தப்பாமார் வசவோடு சேர்த்துத்தான் சொல்லுவார்கள். அது இவ்வளவு நல்ல பெயர் என்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. காது மடல் சுட்டது. நெஞ்சுக்குள் என்னவோ குளுகுளுவென்று இருந்தது. இப்படி ஓர் ஆசை பதினோரு வருஷமாக உள்ளே கிடந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"என்ன சொன்னே?"

"வெட்டியாச்சுன்னேன்."

"யாரை?"

"அதான் சொன்னேன்ல."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஒரு வெட்டுக்கு ஒரு தடவைதான் தம்பி, அதான் சட்டம்," என்றார் ஆச்சி.

வெட்டினவளுக்கு மறு உருட்டு உண்டு. கத்திரிக்காய் உள்ளே புகுந்து பழமாகிவிட்டது. வீரணன் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் முறை வந்ததும் கட்டையை உள்ளங்கையில் வைத்து, குலசாமியை வேண்டிக்கொண்டு உருட்டினார். தாயம். மீசைக்காரர் மறுபடியும் களத்தில் இறங்கினார். மறு உருட்டில் மூணு.

"அந்த மூணுல உங்க அண்ணன் பழம்," என்று ஆச்சி விரலால் காட்டினார். "சேதுபதிய நகத்துங்க. ஆட்டம் உங்க கையில இருக்கு."

வீரணன் மீசை வைத்த புளியங்கொட்டையை எடுத்தார். ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணி, பரங்கிக்காய்க்கு ரெண்டே கட்டம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"தம்பி, கண்ணு தெரியுதா இல்லையா?"

"அண்ணன் நிக்கட்டும் ஆச்சி. அவருக்கு என்ன அவசரம்?"

பொன்னழகு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் கழுத்து வரை சிவந்தது. ஆனால் கை கட்டையை விடவில்லை. ரெண்டு விழுந்தது.

"வீரணனை வெட்டியாச்சு," என்றாள். இந்தத் தடவை குரலில் சிரிப்பு கலந்திருந்தது.

மறு உருட்டில் வெண்டைக்காய் பழம். அதற்குப் பிறகு நடந்தது ஆட்டமே இல்லை என்று ஆச்சி ஊரெல்லாம் சொன்னார். அண்ணன் சேதுபதி வாசலில் நின்றபடியே நின்றார். தம்பியோ தாயம் விழுந்து இறங்குவதும், பரங்கிக்காயின் முன்னால் போய்க் கழுத்தை நீட்டுவதுமாக இருந்தார். மூன்றாவது வெட்டுக்குப் பொன்னழகு கொஞ்சம் இழுத்து, "வீ...ரணனை வெட்டியாச்சு" என்றாள். அப்போது வீரணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் கண்ணைத் திறந்தபோது தக்காளியும் பரங்கிக்காயும் பழமாகியிருந்தன. மணி சரியாக நாலு. டைம் கீப்பர் அதையும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாலு அடிக்கும்போது காப்பி கூடத்துக்கு வந்துவிட்டது. வீரணன் மூணு மணிக்கே அடுப்பை மூட்டியிருந்தார். மீசையில் சாம்பல், நெற்றியில் கரி. ஆச்சிக்கு ஒரு டம்ளரைக் கொடுத்தார். பொன்னழகின் டம்ளரை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு தடவை," என்றார்.

"எதைங்க?"

"பேரை."

"யாரு பேரை?"

"எம் பேரைத்தான். சொல்லு, காப்பி தாரேன்."

"அய்ய, புருஷன் பேரைப் பொம்பள சொல்லுவாளா? இவுக கேக்குறதப் பாருங்க ஆச்சி."

"போன வாரம் மூணு தடவை சொன்னேல்ல?"

"அது புளியங்கொட்டை பேரு. ஆளு வேற, காய் வேறன்னு நீங்கதானே சொன்னீக?"

"நான் சாட்சி," என்றார் ஆச்சி, காப்பியை ஊதிக்கொண்டே.

வீரணன் வாயைத் திறந்தார். டம்ளரும் கையுமாக அப்படியே நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பொன்னழகு மெல்ல எழுந்து வந்து, டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இம்புட்டு ஆசையாக் கேக்குறீக, கூப்பிடாம இருந்தா நல்லாருக்காது," என்றாள். "ரேஷன் கார்டுல இருக்கிற பேரச் சொல்லுறேன், அது தப்பில்ல."

வீரணன் மீசையைத் துடைத்துக்கொண்டு காதைக் கொடுத்தார்.

"சீனி பத்தல, கருப்பையா."